உலோகத்தின் உள்வெளி – 9: தொங்கவிட்ட படிகம்

1930-இல் சோவியத் இயற்பியலாளர் லெவ் லாண்டாவுக்கு வயது இருபத்திரண்டு. காந்தப்புலத்தில் வைத்த உலோகத்தில் எலக்ட்ரான்கள் என்ன செய்யும் என்பது பற்றி அந்த ஆண்டு அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கடுங்குளிரில், வலுவான புலத்தில், உலோகத்தின் காந்தத்தன்மை சீராக மாறாது; புலத்தைக் கூட்டக் கூட்ட ஏறி இறங்கி அலையும் என்று அவருடைய கணக்கு சொன்னது. ஆனால் அந்த ஏற்ற இறக்கங்கள் மிக நெருக்கமாக வரும், எந்த ஆய்வகக் காந்தத்தின் புலமும் அந்த அளவுக்குச் சீரானது அல்ல, ஆகவே எல்லாம் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடும், இதைக் காண்பது நடக்காத காரியம் என்றும் அவரே எழுதிவிட்டார்.

அதே ஆண்டில் நெதர்லாந்தின் லெய்டன் நகரிலிருந்து ஓர் ஆய்வறிக்கை வந்தது. பிஸ்மத் படிகத்தின் காந்தத்தன்மை, புலத்தைக் கூட்டும்போது ஏறி இறங்கி அலைகிறது என்று அதில் கண்டிருந்தது. எழுதியவர்கள் வாண்டர் டி ஹாஸும் பீட்டர் வான் ஆல்ஃபெனும். லாண்டாவின் கணக்கு அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கண்டது லாண்டாவுக்குத் தெரியாது. கணக்கும் காட்சியும் ஒன்றுதான் என்று புரிய மூன்று ஆண்டுகள் ஆயின. அந்தக் காட்சிக்குள் எவ்வளவு செய்தி அடங்கியிருக்கிறது என்று புரிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சென்ற இதழை சோமர்ஃபெல்டோடு முடித்திருந்தோம். புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் ஒரு வாயுவைப் போலத் திரிகின்றன என்று 1900-இல் பால் ட்ரூடே சொன்னார். மின்சாரம் கடத்துவதை அது விளக்கியது. வெப்பக் கணக்கில் இடறியது. அத்தனை எலக்ட்ரான்கள் உள்ளே திரிந்தால், ஓர் உலோகத்தைச் சூடாக்க இன்னும் கூடுதல் வெப்பம் தேவைப்பட வேண்டும். அளந்து பார்த்தால் எலக்ட்ரான்களே இல்லாததுபோல் விடை வந்தது. 1925-இல் பவுலி தம் தவிர்க்கைத் தத்துவத்தைச் சொன்னார்: ஒரு குவாண்டம் நிலையில் ஓர் எலக்ட்ரானுக்குத்தான் இடம். மறு ஆண்டு ஃபெர்மியும் டிராக்கும் அதற்கான புள்ளியியலைத் தந்தார்கள். சோமர்ஃபெல்ட் அதை உலோகங்களுக்குப் பொருத்தினார்.

ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் ஓர் உந்தம் உண்டு. அதற்கு அளவும் திசையும் உண்டு. அந்த உந்தத்தையே இடமாக வைத்து, எலக்ட்ரான் ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகக் குறித்தால் கிடைக்கும் கற்பனை வெளிக்கு உந்தவெளி என்று பெயர். மழைக்காலத்தில் கண்மாய் நிரம்புவதுபோல, எலக்ட்ரான்கள் ஆற்றல் குறைந்த நிலைகளில் தொடங்கி மேல்நோக்கி நிரம்புகின்றன. கண்மாயில் காற்று அடித்தால் கலங்குவது மேல்நீர் மட்டும். அடிநீருக்கு அசைய இடமில்லை. எலக்ட்ரான்களுக்கும் அப்படித்தான். நிரம்பிய நிலைகளுக்கும் காலியான நிலைகளுக்கும் நடுவிலுள்ள எல்லைதான் ஃபெர்மி பரப்பு. செம்பில் அந்த எல்லையின் ஆற்றல் சுமார் 7 எலக்ட்ரான்வோல்ட். வெப்பநிலையாகச் சொன்னால் எண்பதாயிரம் கெல்வினுக்கு மேல். நம் அறையின் வெப்பம் 300 கெல்வின். அந்தச் சிறு வெப்பத்தை வாங்கிக்கொண்டு அசையக்கூடியவை எல்லையை ஒட்டி நிற்கும் எலக்ட்ரான்கள் மட்டுமே. ஒரு கம்பியில் மின்சாரம் ஓடுவதும், கரண்டியின் காம்பு சுடுவதும், ஈயம் கடுங்குளிரில் மின்தடையை முற்றாக இழப்பதும் அந்த எல்லையில் நடக்கும் காரியங்கள்.

எலக்ட்ரான்கள் முழுச் சுதந்திரமாகத் திரிந்தால் அந்தப் பரப்பு ஒரு கோளம். படிகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக நின்று இழுப்பதால் கோளம் கோளமாக இருப்பதில்லை. எங்கோ புடைக்கிறது, எங்கோ ஒடுங்குகிறது, சில உலோகங்களில் துண்டு துண்டாகிறது. எந்த உலோகத்தில் எந்த வடிவம் என்று தெரிந்தால் அந்த உலோகத்தின் குணங்களில் பெரும்பகுதியைக் கணக்கிட்டுவிடலாம். ஆனால் நம் கண் முன்னுள்ள வெளியில் இல்லாத ஒரு பரப்பை எதைக் கொண்டு அளப்பது?

லெய்டனுக்கு வருவோம். காமர்லிங் ஓனஸ் 1908-இல் ஹீலியத்தைத் திரவமாக்கியதும், 1911-இல் மின்தடை முற்றாக மறையும் மீகடத்துதிறனைக் கண்டதும் அந்த ஆய்வகத்தில்தான். 1926-இல் அவர் மறைந்தார். அதற்கு முன்பே, அவர் ஓய்வு பெற்றபோது, பொறுப்பு டி ஹாஸிடமும் கீசோமிடமும் வந்திருந்தது. அந்த ஆண்டே ரஷ்யாவிலிருந்து லெவ் ஷுப்னிகோவ் என்ற இளைஞர் அங்கே வந்து சேர்ந்தார். தூய படிகம் வளர்ப்பதில் அவருக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. ஒப்ரெய்மோவுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய படிக வளர்ப்பு முறை இன்றும் அவர்கள் இருவர் பெயரால்தான் வழங்குகிறது. காந்தப்புலத்தில் பிஸ்மத்தின் மின்தடை பன்மடங்கு ஏறுவது ஏன் என்று டி ஹாஸ் ஆராய விரும்பினார். அதற்கு அதுவரை யாரும் கண்டிராத தூய்மையில் பிஸ்மத் வேண்டும்.

பிஸ்மத்தைப் படிகமாக்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மென்மையான உலோகம். சற்று அழுத்தினாலும் படிக ஒழுங்கு குலையும், தளங்கள் பிளந்துகொள்ளும். மிகச் சிறிதளவு மாசு இருந்தாலும் எலக்ட்ரான் ஓடும் வழியில் அதன்மீது மோதித் திசைமாறும். ஷுப்னிகோவ் திரும்பத் திரும்பச் சுத்திகரித்து, திரும்பத் திரும்பப் படிகமாக்கி, அறை வெப்பத்திலும் கடுங்குளிரிலும் மின்தடையை ஒப்பிட்டுத் தூய்மையைச் சோதித்தார். குளிரில் தடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தூய்மை. அந்தப் படிகங்களில் அவரும் டி ஹாஸும் 1930-இல் மின்தடையை அளந்தபோது, புலம் கூடக் கூடத் தடை நேராக ஏறாமல் அலை அலையாக ஏறியது. முன்னால் எத்தனையோ பேர் பிஸ்மத்தை அளந்திருக்கிறார்கள். யாருக்கும் அது தெரிந்ததில்லை, ஏனென்றால் யாரிடமும் அந்தப் படிகம் இல்லை. டி ஹாஸ் தம் மாணவர் வான் ஆல்ஃபெனுடன் அதே படிகங்களின் காந்தத்தன்மையை 14 கெல்வின் அளவுக் குளிரில் அளந்து, அங்கேயும் அலைவு இருப்பதைக் கண்டார். மின்தடை அலைவுக்கு ஷுப்னிகோவ்–டி ஹாஸ் விளைவு என்றும், காந்த அலைவுக்கு டி ஹாஸ்–வான் ஆல்ஃபென் விளைவு என்றும் பெயர் நிலைத்தது. இரண்டாவதிலும் படிகம் ஷுப்னிகோவின் கையால் வளர்ந்தது என்பதை இந்தத் தொடரின் வாசகர்கள் மறக்கக் கூடாது என்று விரும்புகிறேன்.

லாண்டாவ் முடியாது என்றது எப்படி முடிந்தது? பிஸ்மத்தில் சுமார் ஒரு லட்சம் அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான்தான் ஓடியாடத் தயாராக இருக்கிறது. ஆகவே அதன் ஃபெர்மி பரப்பு மிக மிகச் சிறியது. பரப்பு சிறியதென்றால் அலைவுகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி வரும்; புலம் கொஞ்சம் சீரற்றிருந்தாலும் கண்ணுக்குத் தெரியும். சாதாரண உலோகங்களைப் பொறுத்தவரை லாண்டாவின் கவலை முழுக்க நியாயமானது. அதைச் சற்றுப் பின்னால் செம்பில் காண்போம். லாண்டாவின் கணக்கையும் லெய்டன் அளவையும் 1933-இல் ருடால்ஃப் பெயர்ல்ஸ் இணைத்துக் காட்டினார்.

ஷுப்னிகோவ் 1930-இல் தாய்நாடு திரும்பினார். கார்கிவ் நகரில் சோவியத் நாட்டின் முதல் கடுங்குளிர் ஆய்வகத்தை உருவாக்கினார். மீகடத்திகளில் இரண்டாம் வகை என்று இன்று நாம் சொல்வதை அங்கே கண்டறிந்தார். மருத்துவமனை ஸ்கேன் இயந்திரங்களின் காந்தச் சுருள்கள் அந்த வகையைச் சேர்ந்தவை. 1937 ஆகஸ்டில் ஸ்டாலினின் காவல்துறை அவரைக் கைது செய்தது. நவம்பரில் சுட்டுக் கொன்றது. வயது முப்பத்தாறு. குற்றமற்றவர் என்று அரசு அறிவித்தது 1957-இல். அந்த இருபது ஆண்டுகளும் சோவியத் நாட்டில் அவர் பெயரை அச்சில் காண்பதே அரிதாக இருந்தது. ஓர் ஆய்வாளரைக் கொன்றதோடு, அவர் செய்த வேலையின் நினைவையும் அழிக்கப் பார்த்தார்கள். அந்த அநீதியை இயற்பியல் வரலாறு எழுதும் ஒவ்வொருவரும் சொல்லியாக வேண்டும்.

இந்த இடத்தில் நம் மண்ணைச் சேர்ந்த ஒருவர் கதைக்குள் வருகிறார். திருவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ராமனோடு சேர்ந்து 1928-இல் ஒளிச்சிதறலைக் கண்டவர் என்றுதான் பலரும் அவரை அறிவார்கள். அதற்குப் பிறகு டாக்காவிலும் கல்கத்தாவிலும் அவர் செய்த படிகக் காந்த ஆய்வுகள் அதற்குக் குறைந்தவை அல்ல என்பது என் எண்ணம்.

ஒரு படிகம் ஒரு திசையில் கொஞ்சம் அதிகமாகவும் மற்றொரு திசையில் கொஞ்சம் குறைவாகவும் காந்தத்தை ஏற்கிறது என்று வையுங்கள். அந்தச் சிறு வேறுபாட்டை அளக்க வேண்டும். மில்லிகிராம் கணக்கில் எடையுள்ள படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிச் சீரான காந்தப்புலத்தில் தொங்கவிடுவார் கிருஷ்ணன். படிகம் தனக்குப் பிடித்த திசையில் நின்றுகொள்ளும். இழையின் மேல்முனையை மெல்ல மெல்ல முறுக்குவார். படிகம் பிடிவாதமாக அங்கேயே நிற்கப் பார்க்கும். ஒரு கட்டத்தில் இழையின் முறுக்கு வெல்லும். படிகம் சட்டென்று சுழன்றுவிடும். அந்தக் கோணத்தைக் குறித்துக்கொண்டால் போதும், காந்த வேறுபாடு கணக்கில் வந்துவிடும். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் உலகத் தரத்தில் அளவெடுத்த முறை இது. இதை வைத்துக்கொண்டு அவர் கிராஃபைட் படிகத்தை ஆராய்ந்தார். அடுக்கடுக்காகக் கார்பன் தாள்கள் அமைந்த படிகம் அது. தாள்களுக்குச் செங்குத்தான திசையில் மட்டும் அதன் டயாகாந்தம் (புலத்தை எதிர்க்கும் காந்தத்தன்மை) வழக்கத்துக்கு மாறான அளவில் வலுவாக இருக்கும். தாள்களுக்குள் ஓடும் எலக்ட்ரான்கள்தான் காரணம் என்று, லாண்டாவின் டயாகாந்தத்தையும் ஃபெர்மியின் புள்ளியியலையும் கொண்டு கங்குலியும் கிருஷ்ணனும் விளக்கிய கட்டுரை 1941-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. பின்னாளில் கிராஃபைட்டிலும் டி ஹாஸ்–வான் ஆல்ஃபென் அலைவு அளக்கப்பட்டது.

படிகத்தைத் தொங்கவிட்டு முறுக்கை அளப்பது என்ற இதே வழியைத்தான் டேவிட் ஷோன்பெர்க்கும் எடுத்துக்கொண்டார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த இவர், கேம்பிரிட்ஜில் பிஸ்மத்தை ஆராயத் தொடங்கியவர். 1937-இல் ஓராண்டுக்கு மாஸ்கோ சென்றார். அங்கே இயற்பியலாளர் கபிட்சாவின் ஆய்வகத்தில் திரவ ஹீலியமும் நல்ல காந்தமும் இருந்தன. பிஸ்மத் படிகம் இழையில் தொங்க, காந்தப்புலத்தைக் கூட்டினால், படிகம் இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பி ஆடியது. ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அலைவு. படிகத்தை வெவ்வேறு திசைகளில் கட்டித் தொங்கவிட்டால் அலைவின் இடைவெளி மாறியது. அந்த மாற்றத்திலிருந்து பிஸ்மத்தின் ஃபெர்மி பரப்பு நீண்ட முட்டை வடிவத் துண்டுகளால் ஆனது என்று சொல்ல முடிந்தது. ஓர் உலோகத்தின் ஃபெர்மி பரப்பு திசைக்குத் திசை அளக்கப்பட்டது அங்கேதான்.

அளவுகளைக் கணக்கோடு பொருத்துவதற்கான சூத்திரத்தை லாண்டாவே ஷோன்பெர்க்குக்குத் தந்தார். 1938 ஏப்ரலில் லாண்டாவும் கைதானார். 1939-இல் ஷோன்பெர்க்கின் கட்டுரை லண்டனில் வெளிவந்தபோது, பின்னிணைப்பில் லாண்டாவின் சூத்திரம் அவர் பெயரோடு இருந்தது. கபிட்சா விடாமல் அரசுக்கு எழுதி, தாமே பிணை நின்று, ஓராண்டு சிறைக்குப் பிறகு லாண்டாவை மீட்டார். ஷுப்னிகோவுக்கு அப்படி ஒரு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

போர் வந்தது. எல்லாம் நின்றது.

1947-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜூல்ஸ் மார்கஸ் துத்தநாகத்தில் அலைவைக் கண்டார். பிஸ்மத் மட்டும் ஒரு விதிவிலக்கு என்ற எண்ணம் அதோடு போயிற்று. கேம்பிரிட்ஜில் ஷோன்பெர்க் ஒன்றன்பின் ஒன்றாக உலோகங்களைத் தொங்கவிட்டார்: வெள்ளீயம், காட்மியம், காலியம், இண்டியம், அலுமினியம். அலைவுகள் கிடைத்தன. ஆனால் பிஸ்மத்துக்குச் சரியாகப் பொருந்திய முட்டை வடிவச் சூத்திரம் எல்லாவற்றுக்கும் பொருந்த மறுத்தது. ஒரே உலோகத்தில் இரண்டு மூன்று அலைவுகள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்தன. எதை எதோடு பொருத்துவது என்று தெரியாத நிலை.

அந்த நிலையை மாற்றியது மூன்றே பக்கக் கட்டுரை. நார்வேயில் பிறந்து யேலில் பணியாற்றிய லார்ஸ் ஆன்சாகர் 1952-இல் எழுதியது. இந்தத் தொடருக்காக நான் படித்தவற்றில் இதைவிடக் குறைந்த சொற்களில் இதைவிட அதிகம் சொன்ன கட்டுரை வேறில்லை. காந்தப்புலத்தில் எலக்ட்ரான் வளைந்து சுற்றுகிறது. அதே வேளையில் உந்தவெளியிலும் அது ஃபெர்மி பரப்பின்மீது ஒரு சுற்றுப்பாதையில் ஓடுகிறது. புலத்துக்குச் செங்குத்தாக அந்தப் பரப்பை வெட்டினால் வரும் விளிம்புதான் அந்தப் பாதை. குவாண்டம் விதிப்படி அந்தப் பாதை அடைக்கும் பரப்பளவு நினைத்தபடியெல்லாம் இருக்க முடியாது. படிப்படியான சில அளவுகளுக்கே இடமுண்டு. புலத்தைக் கூட்டினால் அந்தப் படிகள் ஒவ்வொன்றும் விரிந்து ஃபெர்மி பரப்பைத் தாண்டி வெளியேறும். வெட்டுமுகம் மிகப் பெரியதாகவோ மிகச் சிறியதாகவோ உள்ள இடத்தில் அப்படி வெளியேறும்போது காந்தத்தன்மை ஒருமுறை ஏறி இறங்கும். புலத்தின் தலைகீழ் மதிப்பில் கணக்கிட்டால் அலைவுகள் சம இடைவெளியில் வரும். அந்த இடைவெளியிலிருந்து வெட்டுமுகத்தின் பரப்பளவைக் கணக்கிட, பிளாங்க் மாறிலியும் எலக்ட்ரானின் மின்னூட்டமும் போதும். உலோகம் எது, அதன் அணுக்கள் எப்படி, எலக்ட்ரானின் நிறை எவ்வளவு என்று எதையும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. படிகத்தைத் திருப்பித் திருப்பி அளந்தால் திசைக்கொரு வெட்டுமுகம் கிடைக்கும். வெட்டுமுகங்களிலிருந்து முழு வடிவத்தைக் கட்டி எழுப்பலாம். கார்கிவ் நகரில் இல்யா லிஃப்ஷிட்ஸும் இதே முடிவைத் தனியாக எட்டியிருந்தார். அவரும் அவருடைய மாணவர் கோசெவிச்சும் அலைவின் உயரம் வெப்பநிலையோடு எப்படிக் குறையும் என்று தந்த சூத்திரத்தைத்தான் இன்றும் எல்லா ஆய்வகங்களிலும் பயன்படுத்துகிறார்கள்.

இனிச் செம்பு. மின்கம்பிகளெல்லாம் செம்பாக இருக்கும் உலகத்தில் செம்பின் ஃபெர்மி பரப்பு என்ன வடிவம் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாமல் இருந்தது. அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் என்பதால் ஏறத்தாழக் கோளமாகத்தான் இருக்கும் என்று பலரும் நம்பினார்கள். கேம்பிரிட்ஜின் பிரையன் பிப்பர்ட் 1955-இல் சிகாகோவுக்கு ஓராண்டு போனபோது அதை அளக்க முனைந்தார். அவருடைய வழி வேறு. நுண்ணலை மின்சாரம் உலோகத்தின் மேல்புறத்தில் மிக மெல்லிய ஆழத்துக்குத்தான் இறங்கும். தூய செம்பைத் திரவ ஹீலியக் குளிருக்குக் கொண்டுபோனால், எலக்ட்ரான்கள் மோதாமல் ஓடும் தூரம் அந்த ஆழத்தைவிடப் பல மடங்கு நீளும். அப்போது மேற்புறத்தை ஒட்டி ஓடும் எலக்ட்ரான்களுக்கு மட்டுமே வேலை. அவற்றின் பதிலில் ஃபெர்மி பரப்பின் வளைவு தெரியும். ஆகவே செம்புப் படிகத்தைப் பல கோணங்களில் அறுத்து, ஒவ்வொன்றையும் மின்பகுப்பால் மெருகேற்றி அளக்க வேண்டும். உரசித் தேய்த்தால் மேற்புறம் குலைந்துவிடும். ஆய்வே அந்த மேற்புறத்தில்தான் நடக்கிறது.

1957-இல் பிப்பர்ட் முடிவை வெளியிட்டார். செம்பின் பரப்பு கோளம் இல்லை. படிக ஒழுங்கு உந்தவெளியில் இடும் வேலிக்குப் பிரில்லுவான் மண்டலம் என்று பெயர். செம்பில் அதற்கு எட்டு அறுகோண முகங்கள் உண்டு. சுதந்திர எலக்ட்ரான் கோளம் அந்த முகங்களுக்குள்ள தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு போய் நின்றுவிட வேண்டும். ஆனால் உண்மையான பரப்பு எட்டுத் திசைகளிலும் நீண்டு அந்த முகங்களைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொடும் இடத்துக்குக் கழுத்து என்றும், நடுப்பகுதிக்கு வயிறு என்றும் பெயர் வைத்தார்கள்.

பிப்பர்ட் சொன்னது சரியென்றால் கழுத்தையும் வயிற்றையும் அலைவு முறையில் தனித்தனியாக அளந்து காட்ட வேண்டும். இங்கேதான் லாண்டாவின் பழைய கவலை முழு வடிவில் எதிரே வந்தது. செம்பின் வயிற்றுப் பகுதிக்கு அலைவெண் சுமார் 58,000 டெஸ்லா. 10 டெஸ்லா புலத்தில் ஓர் அலைவுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஒரு டெஸ்லாவில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. படிகத்தின் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் புலம் அதைவிட வேறுபட்டால் எல்லாம் கலந்துபோகும். அந்தப் புலத்தில் எலக்ட்ரான் வட்டமிடும் ஆரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு. ஒரு சுற்றை மோதாமல் முடித்தால்தான் அலைவே பிறக்கும். அறை வெப்பத்தில் செம்பின் எலக்ட்ரான் அந்த வட்டத்தில் ஒரு சிறு துண்டைக் கடப்பதற்குள் மோதிவிடும்.

ஷோன்பெர்க் துடிப்புப் புலத்தைக் கையிலெடுத்தார். மின்தேக்கிகளில் சேர்த்துவைத்த மின்சாரத்தைக் கம்பிச்சுருளில் ஒரே வீச்சில் பாய்ச்சினால், நொடியில் நூற்றில் ஒரு பங்கு அளவு நேரத்துக்கு 10 டெஸ்லா அளவில் புலம் எழும். அதற்குள் ஆயிரக்கணக்கான அலைவுகளில் ஒரு பகுதியை அலைகாட்டித் திரையில் பிடித்துப் படமெடுக்க வேண்டும். முதலில் செம்பு ஒன்றும் காட்டவில்லை. தானாக வளரும் மயிரிழை போன்ற செம்புப் படிகங்களை வைத்துப் பார்த்தபோது அலைவு வந்தது. ஒழுங்கில் குறையில்லாத படிகங்கள் அவை. புலம் வேறுபட இடமில்லாத அளவுக்குச் சிறியவை. 1959-இல் முடிவு வந்தது. வேகமான அலைவு வயிற்றுக்கு, மெதுவான அலைவு கழுத்துக்கு. செம்பில் வயிற்றின் வெட்டுமுகம் கழுத்தைப்போல் சுமார் 27 மடங்கு. வெள்ளியில் 51 மடங்கு, தங்கத்தில் 29. மூன்று உலோகங்களிலும் கழுத்து உண்டு. பிப்பர்ட் சிகாகோவில் வரைந்த வடிவம் சரியாக இருந்தது.

1960 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் ஃபெர்மி பரப்புக்கென்றே ஒரு மாநாடு கூடியது. அலுமினியம், ஈயம் போன்றவற்றின் சிக்கலான வடிவங்களைக்கூட, ஒரு கோளத்தை வெட்டித் துண்டுகளை இடம்மாற்றி ஒட்டினாலே ஏறத்தாழப் பெற்றுவிடலாம் என்று வால்டர் ஹாரிசன் காட்டியிருந்தார். எளிய உலோகங்களின் வரைபடம் அதோடு வேகமாக நிரம்பத் தொடங்கியது. மிச்சமிருந்தவற்றில் கடினமானது இரும்பு. அதன் உள்ளேயே பெரிய காந்தம் இருக்கிறது. வெளியிலிருந்து தரும் புலத்தையா, உள்ளே இருக்கும் புலத்தையும் சேர்த்தா, எதை எலக்ட்ரான் உணர்கிறது என்பதே அன்று தீராத கேள்வி. 1963-இல் ஆண்டர்சனும் கோல்டும் இரும்பின் மயிரிழைப் படிகங்களில் அலைவைக் கண்டு அதற்கு விடை சொன்னார்கள். அடுத்த இதழில் அதைப் பார்ப்போம்.

(தொடரும்)